நைல் எந்தப் பக்கம் ஓடுகிறது?

பார்வையற்ற மாணவர்களுக்காக நான் எழுதிய முதல் வரைபட விவரிப்பு நான்கே வரி. “ஆப்பிரிக்காவின் வடகிழக்குப் பகுதியைக் காட்டும் வண்ண வரைபடம். நைல் ஆறு நீல நிறத்தில் வளைந்து நெளிந்து செல்கிறது. நாடுகள் இளம்பச்சை, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் உள்ளன. வலது ஓரத்தில் குறியீடுகளை விளக்கும் பெட்டி இருக்கிறது.” எதையும் விடாமல் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன். அதைச் சரிபார்க்க ஒப்புக்கொண்டவர் ஒரு புவியியல் ஆசிரியை, பிறவியிலேயே பார்வை இல்லாதவர். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானில் கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “சரி, இந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுது?”

என் நான்கு வரிகளில் அதற்குப் பதில் இல்லை. ஆறு எங்கே பிறக்கிறது, எந்தெந்த நாடுகள் வழியாகப் போகிறது, எந்தக் கடலில் சேர்கிறது, எதுவுமே இல்லை. ஒரு புவியியல் பாடநூலின் மின்பதிப்புக்காக 38 வரைபடங்களுக்கு விவரிப்பு எழுதும் வேலையை அப்போதுதான் ஏற்றிருந்தேன். புகைப்படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் உரை, எழுதிய பழக்கம் உண்டு. வரைபடமும் ஒரு படம்தானே என்று அதே பழக்கத்தில் இறங்கிவிட்டேன். வேலை முடிய ஐந்து மாதம் ஆனது. இதே வேலையைத் தொடங்குகிறவர்களுக்குக் கொஞ்சமாவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானை நிறுவி, திரையை அணைத்துவிட்டு, நான் எழுதியதை நானே கேட்டேன். வரைபடத்தைப் பார்க்கும் கண் முழுவதையும் ஒரு நொடியில் அளந்துவிட்டு, வேண்டிய இடத்துக்குத் தாவுகிறது. காதுக்கு அந்தத் தாவல் கிடையாது. முதல் சொல் முடிந்தால்தான் இரண்டாவது சொல். எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்று முடிவுசெய்வதே இந்த வேலையில் பாதி என்று அன்றைக்குப் புரிந்தது.

உரையை எங்கே வைப்பது என்பதும் அன்றே தெளிவானது. படத்தோடு ஒட்டிய மாற்று உரைக்குள் தலைப்போ பத்தியோ அட்டவணையோ வைக்க முடியாது. நீளமாக எழுதினால் எல்லாம் ஒரே சரமாக வந்து விழும். அதனால் மாற்று உரையில் ஒரே வரி: “நைல் ஆற்றின் பாதை, வரைபடம். முழு விவரம் படத்துக்குக் கீழே.” முழு விவரம் சாதாரண உரையாக, தலைப்புகளோடு, படத்துக்கு அடியிலேயே வந்தது. என்.வி.டி.ஏ.வில் ஹெச் எழுத்தை அழுத்தினால் அடுத்த தலைப்பு, டி (T) எழுத்தை அழுத்தினால் அடுத்த அட்டவணை. காதுக்கும் ஓரளவு தாவ வழி கிடைத்தது. முன்பெல்லாம் நீண்ட விவரிப்புக்கென்றே ‘லாங்டெஸ்க்’ என்ற பண்பு, இணையப் பக்கங்களை எழுதும் ஹெச்.டி.எம்.எல். மொழியில் இருந்தது. இப்போது அது வழக்கொழிந்துவிட்டது, அதை நம்ப வேண்டாம். இன்னொரு நன்மையையும் பார்த்தேன். எல்லோருக்கும் தெரியும்படி வைத்த விவரிப்பைப் பார்வையுள்ளவர்களும் படித்தார்கள். வரைபடம் படிக்கத் தடுமாறுகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. வழிகாட்டுதலின் 1.1.1 விதி, எழுத்தல்லாத உள்ளடக்கத்துக்கு அதே நோக்கத்தை நிறைவேற்றும் உரை வேண்டும் என்கிறது. 2008 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பிலும் இது இருக்கிறது, 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பிலும் இருக்கிறது. பலமுறை படித்த விதிதான். ‘நோக்கம்’ என்ற சொல்லில் மட்டும் நான் ஒருநாளும் நின்றதில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வரைபடத்தையும் எடுத்தவுடன் ஒரு தாளில் ஒரு கேள்வி எழுதிக்கொண்டேன்: இந்தப் பக்கத்தில் இந்த வரைபடத்தை ஏன் போட்டார்கள்? நைல் பாடத்தில் பதில் எளிது. மழை மிகுந்த மலைநாட்டுத் தண்ணீர் பாலைவனத்தைத் தாண்டிக் கடல் வரைக்கும் எப்படிப் போகிறது என்று காட்டத்தான். அப்படியானால் விவரிப்பும் தண்ணீரோடு சேர்ந்து போக வேண்டும்.

நாலாவது முறை எழுதியது இது:

“நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. நீளம் 6,600 கிலோமீட்டருக்கும் அதிகம். அதற்கு இரண்டு பெரிய கிளைகள். வெள்ளை நைல், விக்டோரியா ஏரியிலிருந்து புறப்பட்டு வடக்கே வருகிறது. நீல நைல், எத்தியோப்பிய மலைநாட்டின் தானா ஏரியிலிருந்து புறப்பட்டு, முதலில் தென்கிழக்கே போய், பிறகு வளைந்து வடமேற்கே சூடானுக்குள் வருகிறது. இரண்டும் சூடானின் தலைநகரான கார்ட்டூமில் சேர்கின்றன. கார்ட்டூமுக்கு வடக்கே, கிழக்கிலிருந்து அட்பரா ஆறு வந்து கலக்கிறது. அதன்பின் நைல் ஒரு பெரிய வளைவு போடுகிறது: வடக்கே போவது அபு ஹமத் அருகே திரும்பித் தென்மேற்கே வந்து, மறுபடி வடக்கே போகிறது. எகிப்து எல்லையில் நாசர் ஏரி. ஏரியின் வடக்கு முனையில் அஸ்வான் உயர் அணை. அங்கிருந்து வடக்கே கெய்ரோ. கெய்ரோவுக்கு அப்பால் ஆறு இரண்டு கிளைகளாகப் பிரிந்து மத்தியதரைக் கடலில் கலக்கிறது.”

இதில் ‘மேலே’, ‘கீழே’ என்ற சொற்கள் வராதபடி பார்த்துக்கொண்டேன். முந்தைய வரைவில் “ஆறு கீழிருந்து மேலே போகிறது” என்று எழுதியிருந்தேன். தாளைப் பொறுத்தவரை அது சரிதான், வடக்கு மேலே இருக்கிறது. ஆனால் தண்ணீர் மேடு ஏறுவது போலக் கேட்கிறது என்றார் டீச்சர். எகிப்தில் ‘மேல் எகிப்து’ என்று அழைக்கப்படுவது தெற்குப் பகுதி, அதாவது தாளில் கீழே இருப்பது. ஆற்றின் மேட்டுப்பக்கம் என்பதால் அந்தப் பெயர். தமிழில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ‘மேல்’ என்பது நமக்கு மேற்கையும் குறிக்கும், ‘கீழ்’ கிழக்கையும் குறிக்கும். மேலைநாடு, கீழைக்கடல் என்று சொல்லிப் பழகிய காதுக்கு, “வரைபடத்தின் மேல் பக்கம்” என்றால் மூன்று பொருள் வரலாம். வடக்கு, தெற்கு என்று திசையைச் சொல்லிவிட்டால் குழப்பமே இல்லை.

தமிழ் வாக்கியத்தின் அமைப்பும் என்னைச் சோதித்தது. “விக்டோரியா ஏரியில் பிறந்து உகாண்டா, தெற்கு சூடான் நாடுகளைக் கடந்து கார்ட்டூமில் நீல நைலோடு சேரும் வெள்ளை நைல்” என்று எழுதினால் அச்சில் அழகாகத்தான் இருக்கும். கேட்கிறவரோ எதைப் பற்றிய பேச்சு என்று தெரியாமல் அத்தனை பெயர்களையும் மனதில் சுமந்துகொண்டு கடைசிச் சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டும். அதனால் பெயர் முதலில், அது செய்வது பிறகு, வாக்கியம் சின்னதாக. ‘கி.மீ.’ என்ற சுருக்கத்தை நான் கேட்ட தமிழ்க் குரல் தனித்தனி எழுத்தாக உடைத்துப் படித்தது. அப்புறம் எல்லா இடத்திலும் ‘கிலோமீட்டர்’ என்றே முழுதாக எழுதினேன்.

எங்களுக்குள் அதிகம் விவாதம் நடந்தது ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஸ்னோவின் காலரா வரைபடத்தில்தான். 1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவி, பத்து நாட்களுக்குள் 500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறப்பு நடந்த வீட்டின் அருகே இறப்புக்கு ஒன்றாகக் கறுப்புப் பட்டைகளை அடுக்கி, தெருவிலிருந்த தண்ணீர்ப் பம்புகளையும் குறித்து ஸ்னோ ஒரு வரைபடம் உருவாக்கினார். நான் எழுதியது: “இறப்புகள் பிராட் தெரு பம்பைச் சுற்றியே நடந்திருப்பதை வரைபடம் காட்டுகிறது, எனவே நோய் தண்ணீரால் பரவியது.” சுருக்கமாக, சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பினேன்.

டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை. “முடிவை நீங்களே சொல்லிட்டீங்க. பார்க்கிற பசங்க படத்தைப் பார்த்துத் தாங்களே கண்டுபிடிப்பாங்க. என் பசங்களுக்கு மட்டும் ஏன் விடையை ஊட்டணும்?” என்று கேட்டார். அன்று இரவு முழுக்க அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வரைபடத்தின் முடிவைச் சொல்வதும் வரைபடத்தைக் கொடுப்பதும் வேறு வேறு. சான்றை மறைத்துவிட்டு முடிவை மட்டும் கொடுத்தால், அந்த மாணவர் என் சொல்லை நம்புவதைத் தவிர வேறு வழியில்லாமல் போகிறது.

மறுநாள் வரிசையை மாற்றினேன். பிராட் தெருவும் கேம்பிரிட்ஜ் தெருவும் சந்திக்கும் மூலையில் பம்பு இருக்கிறது என்பது முதல் வரி. அங்கிருந்து ஒவ்வொரு திசையிலும் நடந்துபோவது போல, பட்டைகள் எங்கே நெருக்கமாக இருக்கின்றன, எங்கே குறைகின்றன, வேறு பம்பு எந்த இடத்தில் வருகிறது என்று எழுதினேன். பிறகு, பக்கத்திலேயே இருந்தும் பட்டை குறைவாக இருக்கும் இரண்டு இடங்கள். போலந்து தெருவிலிருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர் இருந்தார்கள், காலராவில் இறந்தவர்கள் ஐந்து பேர். பிராட் தெருவின் பீர் ஆலையில் 70 பேருக்கு மேல் வேலை செய்தார்கள், காலராவில் ஒருவரும் இறக்கவில்லை. ஏன் என்பதை அங்கே எழுதவில்லை. இரண்டு இடத்திலும் சொந்தக் கிணறு இருந்தது என்பதும், செப்டம்பர் 8ஆம் தேதி பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது என்பதும் பாடத்தின் அடுத்த பத்தியில் வருகிறது. பார்வையுள்ள மாணவர் எந்த இடத்தில் அதைத் தெரிந்துகொள்கிறாரோ அதே இடத்தில் இவரும் தெரிந்துகொள்வார். 38 வரைபடங்களில் எனக்கு மிகவும் மனநிறைவு தந்தது இந்த ஒன்றுதான்.

மக்களடர்த்தி வரைபடம் போன்றவை வேறு வகை. நாடுகளுக்கு ஐந்து அடுக்கு நிறம், அவ்வளவே. இவற்றுக்கு அட்டவணைதான் சரியான விவரிப்பு. சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேரைத் தாண்டிய வங்கதேசமும், இரண்டு பேர் அளவில் நிற்கும் மங்கோலியாவும் ஒரே அட்டவணையில் வந்தால் வித்தியாசம் தானாக விளங்கும். அட்டவணைக்கு முன்னால், நெருக்கம் எந்தப் பக்கம், வெறுமை எந்தப் பக்கம் என்று மூன்று நான்கு வாக்கியம் போதும். ஆனால் வரைந்து கொடுத்தவர்களிடம் எண்களைக் கேட்டால், படம் மட்டும்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. தரவை மறுபடி தேடித் தொகுக்க இரண்டு வாரம் போனது. வரைபடம் வரையச் சொல்லும்போதே எண்களையும் கேட்டு வாங்கி வைக்கும்படி யாருக்கும் சொல்வேன்.

நிறங்கள் விஷயத்தில் நான் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓடிவிட்டேன். முதல் விவரிப்பு நிறமாகவே இருந்ததால், அடுத்ததில் நிறப் பெயர்களை மொத்தமாக எடுத்துவிட்டேன். டீச்சர் திருப்பிக் கேட்டார். “வகுப்பில் ஒரு பையன் ‘அந்தச் சிவப்பா இருக்கிற நாடு’ன்னு கேட்டா எனக்குப் புரிய வேண்டாமா?” அதனால் அடுக்கின் பொருளைச் சொல்லும்போதே, அதற்கான நிறத்தையும் ஒரே ஒரு முறை சேர்த்தேன்.

இரண்டாவதாகச் சரிபார்த்தவர் ஒரு இளைஞர், 26 வயதில் பார்வை இழந்தவர். அவருக்கு உலக வரைபடம் நினைவில் இருக்கிறது. ஒரு சொல் போதும், படம் எழுந்துவிடும். ஆனால் பழைய நினைவிலும் கோளாறு வரலாம். 1569இல் மெர்கேட்டர் கொண்டுவந்த முறையில் வரைந்த வரைபடத்தைப் பார்த்து வளர்ந்ததால், கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. வரைபடம் அளவைத் திரித்துக் காட்டும் இடங்களில் அதையும் விவரிப்பில் சொன்னேன். உவமைகளில் இருவரும் வேறுபட்டார்கள். இத்தாலி பூட்ஸ் காலணி போல இருக்கிறது என்றால் இருவருக்கும் புரிந்தது, காலணி கையால் தொட்டுப் பார்த்த பொருள். ‘எஸ் எழுத்து போல வளைகிறது’ என்றது இளைஞருக்கு மட்டுமே புரிந்தது. பிரெய்லில் படித்த டீச்சருக்கு அந்த எழுத்து சில புள்ளிகள். நைலின் வளைவைத் திசைகளால் எழுதியது இதனால்தான்.

சில வரைபடங்களுக்கு உரை போதவில்லை. சமஉயரக் கோட்டு வரைபடத்தில் கோடுகளின் நெருக்கத்தைச் சொல்லலாம், சரிவு எந்தப் பக்கம் என்று சொல்லலாம், ஆனால் அந்த மலையின் வடிவம் சொல்லில் முழுதாக வராது. அப்படி நான்கு வரைபடங்களுக்கு, சூடுபடுத்தினால் கறுப்புக் கோடுகள் மேலெழும்பும் தாளில் தொடு வரைபடம் செய்யும்படி பரிந்துரைத்தேன். தொடு வரைபடத்திலும் பிரெய்ல் எழுத்து நிறைய இடம் பிடிக்கும், பத்துப் பதினைந்து பெயருக்கு மேல் வைத்தால் விரல் குழம்பிவிடும். கையில் அதையும் காதில் உரையையும் வைத்துக்கொண்டபோதுதான் இருவருக்கும் வேலை சுலபமானது.

கடைசி நாளில் நைல் விவரிப்பை டீச்சர் மறுபடி கேட்டார். கேட்டபடியே மேசை மேல் ஒரு விரலை நகர்த்திக்கொண்டு போனார். தன் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாக விரல் போனது, ஒரு இடத்தில் திரும்பி வந்தது, மறுபடி போனது. முடிந்ததும் விரலை எடுக்காமல் கேட்டார்: “அட்பரா வந்து சேர்ந்ததுக்கு அப்புறம், கடல் வரைக்கும் வேற ஆறே வந்து சேரலையா?”

ஐந்து மாதமாக அந்த வரைபடத்தைப் பார்த்தவன் நான். அப்போதுதான் திரையைத் திறந்து, அட்பராவிலிருந்து கடல் வரைக்கும் அந்த நீலக் கோட்டைப் பின்தொடர்ந்தேன். பக்கவாட்டிலிருந்து ஒரு கோடுகூட வந்து சேரவில்லை.

“இல்லை டீச்சர், அதுதான் கடைசி.”

“அதை எழுதுங்க.”

அட்பரா வாக்கியத்துக்கு அடுத்ததாகச் சேர்த்தேன்: “இதற்குப் பிறகு கடல் வரை நைலில் வேறு துணையாறு எதுவும் கலப்பதில்லை.”