136-ல் தொடங்கும் செய்தி

முல்லைப் பெரியாறு அணையில் 135.9 அடி நின்றால், தேனிப் பதிப்பின் உள்பக்கத்தில் அது ஒரு வரி. 136-ஐத் தொட்டால் எல்லை ஊரான குமுளிக்கு மேற்கேயும் கிழக்கேயும் முதல் பக்கம். நடுவில் ஏறியது ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அணைக்கு 136 என்ற கணக்கெல்லாம் கிடையாது. இந்த மாதிரி எண்களை வைத்தது அரசும் கோர்ட்டும். இந்த ஊர்ப் பக்கம் மழைக்காலச் செய்தியைப் படிக்கிறவர்கள், எந்த எண் யார் வைத்தது என்று பிரித்துப் பார்க்கப் பழகினாலே பாதிப் பதற்றம் குறைந்துவிடும்.

கேரளத்தில் இருக்கும், தமிழகம் இயக்கும் இந்த அணையின் முழு மட்டம் 152 அடி. 1979 கடைசியில் அணை பலமாக இருக்கிறதா என்ற பயம் கிளம்பி, 136-க்கு இறக்கினார்கள். 2006 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் 142 வரை தேக்கலாம் என்றது. அடுத்த மாதமே கேரள சட்டமன்றம் தன் நீர்ப்பாசனச் சட்டத்தைத் திருத்தி 136 என்றே எழுதிவைத்தது. 2014 மே 7-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அந்தத் திருத்தம் இந்த அணையைக் கட்டுப்படுத்தாது என்று அடித்துவிட்டு, மேற்பார்வைக்கு மூவர் குழுவைப் போட்டது. அந்த நவம்பரிலேயே தண்ணீர் 142-ஐத் தொட்டது. ஆக 136 பழைய பயத்தின் எண், 142 தீர்ப்பின் எண். எச்சரிக்கை அறிவிப்புகள் 136-ல் தொடங்கி 142 வரை படிப்படியாக வருவதால்தான் ஒவ்வொரு படிக்கும் ஒரு தலைப்புச் செய்தி தயாராகிறது.

2021-ல் இன்னொரு சிக்கல் சேர்ந்தது. ரூல் கர்வ் என்று ஒரு தேதி அட்டவணை. மழைக்காலத்தில் எந்தத் தேதியில் எவ்வளவு உயரம் வரை தேக்கலாம் என்று அதில் இருக்கும். அந்த ஆண்டு அக்டோபர் 28-ல் உச்ச நீதிமன்றம், நவம்பர் 10 வரை 139.5 அடி என்று இடைக்கால உத்தரவு போட்டது. அந்த அட்டவணையில் நவம்பர் கடைசியில் 142 வரும். கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டுதோறும் கிளம்பும் "142 தேக்க உரிமை இருக்கும்போது 138-லேயே கேரளாவுக்குத் திறந்துவிட்டுட்டாங்க" என்ற கோபத்துக்குப் பல நேரம் பதில் காலண்டரில் இருக்கிறது. செய்தியில் அடியைப் பார்த்ததும் தேதியையும் பாருங்கள். அந்தத் தேதிக்குரிய உச்சவரம்பைப் போடாமல் அடியை மட்டும் போடும் செய்தி அரைச் செய்தி. அட்டவணையே சரியா என்பது வேறு சண்டை. அதைப் போட வேண்டிய இடம் கோர்ட்.

எண்களில் தொலைக்காட்சி செய்யும் கூத்து தனி. கேரளப் பக்கம் வண்டிப்பெரியாறு, பீர்மேடு எஸ்டேட் தொழிலாளர் லயங்களில் ஒரே வீட்டில் தமிழ்ப் பத்திரிகையும் மலையாள சேனலும் இருக்கும். பத்திரிகை "வினாடிக்கு 1,000 கனஅடி" என்று சொல்லும். சேனல் அதையே லிட்டரில் சொல்லும். ஒரு கனஅடி 28.3 லிட்டர். 1,000 கனஅடி என்றால் வினாடிக்கு 28,317 லிட்டர், நிமிடத்துக்குச் சுமார் 17 லட்சம் லிட்டர், மணிக்கு 10 கோடி லிட்டருக்கு மேல். மூன்றும் ஒரே தண்ணீர்தான். திகில் வேண்டும் என்றால் மணிக்கணக்கைப் போடுவார்கள். அதே 1,000 கனஅடி நாள் முழுக்க ஓடினால் 86.4 மில்லியன் கனஅடி. ஒரு டிஎம்சி, அதாவது 1,000 மில்லியன் கனஅடி, ஆக பதினொன்றரை நாளுக்கு மேல் ஆகும். இந்தப் பெருக்கலை ஒருமுறை செய்து பார்த்தவரை லிட்டர் கணக்கு மிரட்டாது.

அடிக் கணக்கிலும் பொறி உண்டு. இடுக்கி அணை நீர்மட்டம் 2,400 அடி என்பார்கள். அது கடல் மட்டத்திலிருந்து எண்ணியது, முழு மட்டம் 2,403. முல்லைப் பெரியாறு 142 என்பது அணையின் அடியிலிருந்து. இரண்டையும் ஒரே கிராபிக்ஸ் அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் பார்க்கிறவர் என்னத்தைப் புரிந்துகொள்வார்? கோடையில் வேறு மாதிரி ஏமாற்றம். நீர்மட்டம் 112 அடி என்றால் நிறையத் தண்ணீர் இருப்பதுபோலத் தோன்றும். 104 அடிக்குக் கீழே இருப்பதைத் தமிழகம் எடுக்கவே முடியாது. தேனி மாவட்டக் கூடலூர் விவசாயிக்கு அந்த 112-ல் பயன்படுவது மேலே நிற்கும் எட்டு அடிதான்.

வண்ணத்திலும் கவனம் வேண்டும். வானிலை மையத்தின் ஆரஞ்சு மழைக்கானது, மாவட்டத்துக்கு மொத்தமாக வருவது. அணைக்கு நீலம், ஆரஞ்சு, சிவப்பு என்று கேரளத்தில் அறிவிப்பது நீர்மட்டத்துக்கானது. "இடுக்கிக்கு ஆரஞ்சு அலர்ட்" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு அது மாவட்டமா, அணையா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வரியை அப்படியே ஃபார்வர்டு செய்வதைவிட அழித்துவிடலாம்.

கோர்ட் செய்திக்கு வருவோம். விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகக் கேட்பது உத்தரவு ஆகாது. "ஏன் புதிய அணை கட்டக் கூடாது?" என்று வழக்கறிஞரை ஒரு கேள்வி கேட்டால், பத்து நிமிடத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு தலைப்பு, சென்னையில் நேர்மாறான ஒரு தலைப்பு. கையெழுத்தான உத்தரவு உச்ச நீதிமன்ற இணையதளத்தில் வழக்கு எண்ணின் கீழ் ஏறும், பெரும்பாலும் ஓரிரண்டு பக்கம். அதில் "பட்டியலிடுக" என்று அடுத்த விசாரணைத் தேதி மட்டும் இருந்தால், அன்று எதுவும் முடிவாகவில்லை. மாலைச் செய்தியை நம்புவதற்கு முன் அந்த ஒரு பக்கத்துக்காகக் காத்திருப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

2021-ன் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் யார் யாரை மேற்பார்ப்பது என்பதும் மாறியிருக்கிறது. ஒரு மாநிலத்தின் அணை இன்னொரு மாநிலத்தில் இருந்தால், அதன் பாதுகாப்பு தேசிய ஆணையத்தின் கைக்குப் போகும். நமது அணைக்கென்றே எழுதினதுபோல ஒரு பிரிவு. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஆணையம் முழுதாக நடைமுறைக்கு வரும்வரை அதன் அதிகாரத்தை மேற்பார்வைக் குழுவுக்கே கொடுத்து, இரு மாநிலத்திலிருந்தும் ஒவ்வொரு நிபுணரைச் சேர்த்தது. ஆகவே "கேரள அமைச்சர் அறிவிப்பு", "தமிழக அமைச்சர் திட்டவட்டம்" என்று வரும் செய்திகளில் பெரும்பாலானவை, முடிவு எடுக்கிற இடத்துக்கு வெளியே பேசப்படுபவை.

அப்படிப் பேசுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இரு மாநிலத்துக்கும் சட்டமன்றத் தேர்தல் ஒரே பருவத்தில் வருகிறது. 2016-ல் மே 16, 2021-ல் ஏப்ரல் 6, இரண்டு இடத்திலும் ஒரே நாள் வாக்குப்பதிவு. விட்டுக்கொடுத்தவர் என்ற பெயர் எடுக்க யாருக்கும் வசதி இல்லை. 2021 நவம்பரில், பிரதான அணைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அணையான பேபி அணைக்குக் கீழே 15 மரங்களை வெட்டக் கேரள வனத்துறை அனுமதி தந்தது. தமிழக முதல்வர் நன்றிக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் செய்தியானபோதுதான் கேரளத்தில் பலருக்கு அனுமதியே தெரிந்தது. சில நாளில் அனுமதி ரத்து, அதிகாரி சஸ்பெண்ட். அலுவலகக் கோப்பாகவே போயிருந்தால் மரம் விழுந்திருக்கும் என்பது என் கணிப்பு.

போனில் வரும் வதந்திக்குச் சட்டம் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு: ஆன்லைனில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய ஐடி சட்டத்தின் 66ஏ பிரிவு 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் போனது, கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி)யும் அதே தீர்ப்பில் போனது. 2020 நவம்பரில் கேரளம் 118ஏ என்று ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து, எதிர்ப்பு வந்ததும் சில நாளில் திரும்பப் பெற்றது. ஆனால் 2005-ன் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 54-ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது: பேரிடர் குறித்துப் பொய் எச்சரிக்கை பரப்பிப் பீதி கிளப்பினால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம். "நான் ஃபார்வர்டுதான் பண்ணேன்" என்பதை நம்பி யாரும் இருக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அந்தச் செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று பொருள். வீடியோ என்றால் தண்ணீரை விட்டுவிட்டு மதகுகளைப் பாருங்கள். முல்லைப் பெரியாற்றின் உபரி நீர் வழி, பிரதான அணையிலிருந்து தள்ளி, 13 மதகுகளோடு தனியே இருக்கிறது. உயரமான சுவரின் நடுவிலிருந்து தண்ணீர் பீறிட்டால் அது வேறு ஏதோ ஊர் அணை.

உண்மையாகவே திறக்கும் நாளில் வண்டிப்பெரியாறு, சப்பாத்து, உப்புதரை ஆற்றோரத்தில் இருப்பவர்களுக்குத் தேவை நான்கு விவரம்: எத்தனை மதகு, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம், மொத்தம் எத்தனை கனஅடி, எத்தனை மணிக்கு. "மூன்று ஷட்டர் திறப்பு" என்று மட்டும் சொன்னால் பயனில்லை. 30 சென்டிமீட்டர் தூக்கினாலும் அது திறப்புதான். 2021 டிசம்பரில் ராத்திரியில் திறந்ததால் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது என்று கேரளம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தச் சண்டையின் மையமே நான்காவது விவரம்தான். ஊர் வாட்ஸ்அப் குழுவில் அட்மினாக இருப்பவர்கள், நான்கில் ஒன்று குறைந்தாலும் போட்டவரிடம் கேட்டு வாங்கிவிட்டு, அறிவிப்பைக் குழுவின் மேலே நிற்கும்படி பின் (pin) செய்யுங்கள். முந்தைய அறிவிப்பை அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் காலை ஆறு மணிக் கணக்கை ராத்திரி பத்து மணிக்கு யாராவது புதுசு என்று நினைத்துக்கொண்டு ஓடுவார்கள்.