இரண்டாவது பத்தியில் வரவேண்டிய பெயர்

சென்னையில் ஒரு நாளிதழின் டெஸ்க்கில் நெடுங்காலம் இரவுப் பணி பார்த்தவன் நான். பிரமுகர்கள் இறக்கும் நாளில் அச்சிட, அவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை முன்கூட்டியே கோப்பாகத் தயாரித்து வைப்பதும் என் பொறுப்பு. நடிகர், அரசியல்வாதி கோப்பெல்லாம் எளிது. ராணுவத் தளபதி, போலீஸ் அதிகாரி என்று வந்தால்தான் கை தயங்கும்.

இருவரை எப்போதும் சேர்த்தே படிப்பேன். செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் சுந்தர்ஜி, பஞ்சாப் டி.ஜி.பி. கே.பி.எஸ். கில். அதே பொற்கோயில், நான்கு ஆண்டு இடைவெளி. 1984-ல் மேற்குப் பிராந்தியத் தளபதி சுந்தர்ஜி. உள்ளே இருந்த தீவிரவாதிகளைப் பிடிக்க டாங்கிகள் நுழைந்தன, வளாகத்திலிருந்த சீக்கியர்களின் உயர் பீடமான அகால் தக்த் சிதைந்தது. 1988-ல் கில் முற்றுகையிட்டுக் காத்திருந்தார்; தண்ணீரை நிறுத்தினார். உள்ளே இருந்த தீவிரவாதிகள் செய்தியாளர்கள் பார்க்கக் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். இதை மட்டும் பார்த்தால் கில்தான் உயர்ந்து நிற்கிறார்.

ஆனால் ஜஸ்வந்த் சிங் கால்ரா என்ற மனித உரிமை ஆர்வலர், போலீஸ் பிடித்துப்போய்க் காணாமல்போனவர்களைத் தேடி அமிர்தசரஸ் சுடுகாட்டுப் பதிவேடுகளைப் புரட்டினார். போலீஸார் கொண்டுவந்து எரித்த 'அடையாளம் தெரியாத' உடல்களுக்கு விறகு வாங்கிய கணக்கு அவற்றில் இருந்தது. 1995 செப்டம்பரில் கால்ராவையே கடத்தினார்கள், பிறகு கொன்றார்கள். போலீஸார் சிலர் தண்டனை பெற 2005 ஆனது. 2,097 உடல்கள் அப்படி எரிக்கப்பட்டதாக சி.பி.ஐ. விசாரணையில் தெரிந்தது. கில் இதற்காகத் தண்டிக்கப்படவில்லை.

2017 மே மாதம் கில் இறந்த இரவு, "இன்னைக்கே இதெல்லாம் போடணுமா?" என்றார் மூத்தவர் ஒருவர். "சார், அந்த விறகுக் கணக்கு இல்லாம கில்லோட கதை பாதிதான்" என்றேன். கால்ராவின் பெயர் இரண்டாவது பத்தியில் அச்சானது. அந்தப் பக்கத்தைப் பற்றி எனக்கு இன்றும் நிறைவு உண்டு.

சுந்தர்ஜியை இயந்திரமயப் படையின் சிற்பி என்பார்கள், உண்மைதான். நம் வாசகருக்கோ, 1987-ல் அமைதிப்படை இலங்கை போனபோது தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்தவர் அவர். அந்தத் தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களும் அமைதிப்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இலங்கைக்குப் போன இந்திய வீரர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிருடன் திரும்பவில்லை.

கில்லின் கோப்பில் கால்ரா வழக்குத் தீர்ப்பைச் சேர்க்க முடிந்தது. யாழ்ப்பாணத்தில் செத்தவர்களுக்கு அப்படி ஒரு தீர்ப்பு இல்லை. அதனால் உயிர் தப்பியவர்கள் சொன்னதைச் சுந்தர்ஜியின் கோப்பில் சேர்த்தேன். புதிதாக டெஸ்க்குக்கு வரும் பிள்ளைகளிடம் முதலில் அந்தக் கோப்பைத்தான் படிக்கக் கொடுப்பேன்.