மண்வாசம்

"அக்கா, நாத்தமே இல்லையே!"

எங்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலையின் காற்றூட்டும் தொட்டியில் மொண்ட கலங்கலை ஒரு லிட்டர் கண்ணாடிக் குழாயில் ஊற்றியதும், இந்த வாரம் வேலைக்குச் சேர்ந்த பெண் மூக்கை அருகே கொண்டுபோய்ச் சொன்னாள்.

நல்ல சேறு நாறாதும்மா. மழை பெய்த மண் மாதிரி மணக்கும். நாறினால் உள்ளே காற்று போதவில்லை என்று அர்த்தம்.

30 நிமிடம் அசைக்காமல் வைத்தோம். பழுப்புப் பஞ்சாகத் திரண்டு மெல்ல இறங்கியது. மேலே தெளிந்த நீர்.

ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினேன். காம்பின் நுனியில் குட்டி மணி போல வோர்ட்டிசெல்லா என்ற ஒற்றைச் செல் உயிரி. சட்டென்று காம்பைச் சுருட்டிக்கொண்டது, தொட்டாற்சிணுங்கி மாதிரி. அழுக்கைத் தின்பவை பாக்டீரியாக்கள். திரளாமல் திரியும் பாக்டீரியாக்களை இது தின்று நீரைத் தெளிய வைக்கும். இத்தனை வருஷமாகியும் இதைப் பார்த்தால் எனக்கு மனசு நிறையும்.

1974-லேயே சிங்கப்பூர் கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் சோதனை ஆலை கட்டியது. செலவு கட்டுப்படியாகாமல் மூடினார்கள். நீரை வடிகட்டும் சவ்வுத் தொழில்நுட்பம் முன்னேறிய பிறகு, 2003-ல் 'புதுநீர்' (NEWater) என்ற பெயரில் சுத்திகரித்த நீர் வந்தது. முதலில் நுண்வடிகட்டல், அடுத்து நீரை அழுத்தி மிக நுண்ணிய சவ்வின் வழியே செலுத்தும் எதிர்ச் சவ்வூடு பரவல், கடைசியில் கிருமிகளை அழிக்கப் புற ஊதா ஒளி. பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குப் போகிறது. வறண்ட மாதங்களில் நீர்த்தேக்கங்களிலும் கலக்கிறது.

ஆனால் எல்லாம் தொடங்குவது இந்தப் பழுப்புச் சேற்றில்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அம்மா கேட்டார்: "சாக்கடையில நிக்கவா இவ்வளவு படிச்சே?" அன்று பதில் சொல்லத் தெரியவில்லை.

மதியம் அந்தப் பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நாறலம்மா. நம்ம ஊர்ல மழை பெஞ்சா வருமே, அந்த வாசம்."