அழுக்கைக் கழுவிக் கொடுத்துவிட்டார்

அயனாவரத்தில் ஒரு பெரியவர் வீட்டு மொட்டை மாடியில் அந்தப் பழைய மீன் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம். இரும்பு ஸ்டாண்டு, மூடி, ஃபில்டர், அரை மூட்டை கூழாங்கல் எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். மீன் வளர்த்த பையன் வெளிநாடு போய்விட்டானாம். "பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சு, ஃபில்டர் பஞ்சையெல்லாம் நல்லா வெயில்ல காயவெச்சுட்டேன்மா. புதுசு மாதிரி இருக்கு பாருங்க" என்றார். எனக்கும் வாயெல்லாம் பல். குட்டியானைக்கு 500 கொடுத்து வில்லிவாக்கம் கொண்டுவந்து இறக்கினேன்.

அந்த வெள்ளைவெளேர் பஞ்சைப் பார்த்து அழுதிருக்க வேண்டும். அது புரியப் பன்னிரண்டு நாளுக்கு மேல் ஆனது.

முதலில் கண்ணாடி. உள்பக்கம் முழுக்கப் பழைய தண்ணீர் மட்டத்தில் உப்புக்கறை. சோப்பு கூடாது என்பதால் எலுமிச்சை மூடியால் தேய்த்தேன். ஏழெட்டுப் பழம் போனது. அப்புறம் கீழே செய்தித்தாள் விரித்துத் தண்ணீர் நிரப்பிவிட்டுப் படுத்தேன். காலையில் வலது மூலையில் பேப்பர் ஈரம். பழைய சிலிகான்மேல் புதுசைப் பூசினால் ஒட்டாது. அதனால் உள்பக்கச் சிலிகானை நான்கு ஓரத்திலும் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஹார்டுவேர் கடையில் கேட்கும்போது பூஞ்சை பிடிக்காத பாத்ரூம் சிலிகானை எடுத்து நீட்டுவார்கள். அதில் கலந்திருக்கும் மருந்து மீனுக்கு ஆகாது. மீன் தொட்டிக்கென்றே இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். மூன்று நாள் வீடு பூராவும் காடி வாடை. வாடை போனபிறகுதான் மறுபடி தண்ணீர்.

நிரம்பிய தொட்டி கல், கண்ணாடி சேர்த்து ஏறக்குறைய 170 கிலோ இருக்கும். ஹால் நடுவில் வைக்காமல் சுவரோரம் தள்ளி, அடியில் தெர்மாகோல் ஷீட் போட்டேன். இடது பக்கம் தண்ணீர் ஒரு விரல்கடை ஏறி நின்றது. எங்கள் மொசைக் தரை வாட்டம் எந்தப் பக்கம் என்பது எட்டு வருஷத்தில் அன்றுதான் தெரிந்தது. தண்ணீரைவிட நல்ல ரசமட்டம் ஏது? பாதி இறைத்துவிட்டு ஸ்டாண்டு காலுக்கு அண்டை கொடுத்தேன்.

இனி சைக்கிளிங், அதாவது தொட்டியில் கழிவைத் தின்னும் பாக்டீரியாவை வளர்ப்பது. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். அதை ஒருவகை பாக்டீரியா தின்று நைட்ரைட் ஆக்கும். நைட்ரைட்டை இன்னொரு வகை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனைக் கொல்லும். மூன்றாவதைத் தண்ணீர் மாற்றிச் சமாளிக்கலாம். இந்த பாக்டீரியா தண்ணீரில் மிதப்பது கொஞ்சம்தான். பஞ்சிலும் கல்லிலும் ஒட்டித்தான் குடியிருக்கும். கடையில் "ஒரு நாள் மோட்டார் ஓடட்டும்க்கா, மறுநாள் மீன் விட்டுடலாம்" என்றுதான் சொல்வார்கள். எங்கள் போர் தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) 8. பிஎச் 7-இல் இருப்பதைவிட 8-இல் அம்மோனியாவின் விஷப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு. அந்த மறுநாள் மீனுக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால் மீன் இல்லாமலே தொடங்கினேன். அழுகி அம்மோனியா வரட்டும் என்று உரிக்காத இறால் இரண்டைப் பழைய ஸாக்ஸில் கட்டித் தொங்கவிட்டேன். "மீனே இல்ல, அதுக்குள்ள குழம்பு கொதிக்குதா?" என்றார் என் வீட்டுக்காரர். மூன்றாம் நாள் தண்ணீர் அரிசி களைந்ததுபோல் வெளுத்தது. ஆறாம் நாள் டெஸ்ட் கிட் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து, ஒரு பாட்டிலிலிருந்து எட்டு சொட்டு, இன்னொன்றிலிருந்து எட்டு சொட்டு விட்டு, குலுக்கி, ஐந்து நிமிஷம் காத்திருந்தேன். கரும்பச்சை. அம்மோனியா லிட்டருக்கு 4 மில்லிகிராம். இறாலை எடுத்து எறிந்தேன் (தெருப் பூனைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை). அதன்பின் பன்னிரண்டாம் நாள்வரை அதே பச்சை. நைட்ரைட் குழாயில் அதே வெளிர் நீலம், அதாவது பூஜ்யம். எதுவும் அசையவில்லை.

அப்போதுதான் உறைத்தது. பெரியவர் தேய்த்துக் கழுவியது வெறும் அழுக்கையல்ல, பையன் வருஷக்கணக்கில் சேர்த்துவைத்த மொத்த பாக்டீரியாவையும். பழைய தொட்டி வாங்கப் போகிறவர் கண்ணாடியைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது ஃபில்டர் பஞ்சில் படிந்த பழுப்புச் சகதியைத்தான். பஞ்சைக் காயவிடாமல், அதே தொட்டித் தண்ணீரில் முக்கி ஒரு பக்கெட்டில் கொண்டுவந்திருந்தால் பாதி வேலை அன்றே முடிந்திருக்கும்.

கொளத்தூர் போனேன். தெருவெல்லாம் வண்ண மீன் கடை. ஒருவரிடம், "ஓடிட்டிருக்கிற ஃபில்டர்ல இருந்து ஒரு பழைய பஞ்சு வேணும். கழுவாம" என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் மீன் கேப்பாங்க, நீங்க அழுக்கு கேக்கறீங்களேக்கா" என்று சிரித்துக்கொண்டே, கப்பி மீன் தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை அப்படியே கவரில் தண்ணீரோடு கட்டிக் கொடுத்தார். 100 ரூபாய். நோய் சேர்ந்து வராதா என்றால், வரலாம். ஆனால் மீன் உடம்பில் வெள்ளைப் புள்ளி போடும் கிருமி, பற்றிக்கொள்ள மீன் இல்லாத தொட்டியில் அதிக நாள் தாங்காது.

வீட்டுக்கு வந்து அதைத் தொட்டிக்குள்ளேயே பிழிந்தேன். தண்ணீர் சாம்பார் நிறமாயிற்று. பஞ்சை என் ஃபில்டர் பக்கத்தில் ஓடவிட்டேன். நான்காம் நாள் நைட்ரைட் குழாய் கத்தரிப்பூ நிறம்: நைட்ரைட் வந்துவிட்டது. அம்மோனியா பச்சை மெல்ல மஞ்சளுக்கு இறங்கியது. அது தீர்ந்துபோனால் பாக்டீரியா பட்டினி கிடக்குமே என்று தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டேன். "யாரும்மா சாப்பிடறா?" என்று என் பையன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு தேடினான்.

இருபத்தேழாம் நாள் காலை அம்மோனியா மஞ்சள், நைட்ரைட் வெளிர் நீலம், இரண்டும் பூஜ்யம்; நைட்ரேட் மட்டும் நல்ல சிவப்பு. பாதித் தண்ணீரை இறைத்துக் கறிவேப்பிலைத் தொட்டிக்கும் முல்லைக்கும் ஊற்றினேன். ஆறு கப்பிக்குச் சொல்லிவைத்தேன். எங்கள் உப்புத் தண்ணீர் அதற்கு ஒத்துக்கொள்ளும்.

அன்று சாயங்காலம் பெரியவர் போன் செய்தார். மீன் விட்டாச்சா, கிளீனா இருந்துச்சா என்று கேட்டார்.

"ரொம்ப கிளீனா இருந்துச்சு அங்கிள்" என்றேன். "நாளைக்கு விடறேன்."