நைட் டூட்டியில் ஒரு கடைப்பையன் படம்

மே 6, செவ்வாய்

கத்திரி தொடங்கிவிட்டது. ராத்திரி பதினோரு மணிக்கும் எங்கள் வேலூர் லாட்ஜ் ரிசப்ஷன் சுவரில் கை வைக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிற பேஷன்ட்டுகளின் ஹவுரா வண்டி லேட். காட்பாடியிலிருந்து ஆட்டோக்கள் வந்து, பாபு ராவ் தெரு பெட்டியும் ஸ்கேன் கவருமாக நிரம்பி, எல்லாரிடமும் ஆதார் ஜெராக்ஸ் வாங்கிச் சாவி கொடுத்து முடிக்க மணி ஒன்று.

அப்புறம்தான் அக்கா பையன் செல்லில் ஏற்றிக்கொடுத்த ‘கிளெர்க்ஸ்’ பார்த்தேன். 1994-ல் வந்த அமெரிக்கப் படம், கறுப்பு வெள்ளை. லீவு நாளில் முதலாளி கூப்பிட்டாரென்று வந்து மாட்டிக்கொண்ட கடைப்பையன், பக்கத்து வீடியோ கடையை விட்டுவிட்டு இவன் உயிரை எடுக்க வரும் சிநேகிதன், வந்துபோகிற கஸ்டமர்கள். அவ்வளவுதான் கதை. ஒருத்தர் தரையில் உட்கார்ந்துகொண்டு முட்டை டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து, குறையே இல்லாத ஒரு டஜனைத் தேடுகிறார். சிரிப்பை அடக்க முடியவில்லை. சாயங்காலம்தான் ஒரு பெரியவர் நாலு ரூமைத் திறந்து காட்டச் சொல்லி, மெத்தையை அழுத்தி, ஃபேனைப் போட்டு, பாத்ரூம் பக்கெட்டைக் கவிழ்த்துப் பார்த்து, கடைசியில் முதலில் பார்த்த ரூமையே எடுத்திருந்தார்.

மே 7, புதன்

அக்கா பையன் சாப்பாடு கொண்டுவந்தான். “அந்தக் கடை ஷட்டர் ஏண்டா படம் பூரா மூடியே கீது?” என்றேன்.

“அதான் மாமா மேட்டரே” என்று உட்கார்ந்துவிட்டான். டைரக்டர் கெவின் ஸ்மித் நியூ ஜெர்சியில் அதே கடையில் வேலை பார்த்தவர். பகலில் வியாபாரம், ராத்திரியில் ஷூட்டிங். கதையோ பகலில் நடக்கிறது; ஷட்டரைத் தூக்கினால் வெளியே இருட்டு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பூட்டில் எவனோ சூயிங்கம்மை அடைத்துவிட்டான், திறக்க முடியவில்லை என்று கதையில் ஒரு வரி. கடைப்பையன் ஒரு துணியில் ஷூ பாலிஷால் ‘சத்தியமாகக் கடை திறந்திருக்கிறது’ என்கிற மாதிரி எழுதித் தொங்கவிடுகிறான். கையில் காசில்லாததை மறைக்கப் போட்ட வரி, படத்திலேயே மறக்க முடியாத ஜோக்காகிவிட்டது. எனக்கு அந்தப் படத்தில் பிடித்ததெல்லாம் இந்த வகைதான். ஆள் பஞ்சம் என்று ஒரு சிநேகிதருக்கே நாலு வேஷம். முட்டை பொறுக்குகிறவரும் அவர்தானாம்!

படம் எடுக்க ஆன செலவு 27,575 டாலர். கிரெடிட் கார்டுகளைத் தேய்த்து, சேர்த்து வைத்திருந்த காமிக்ஸை விற்றுப் புரட்டியது. பிறகு ஒரு கம்பெனி வாங்கி வெளியிட்டபோது, பாட்டுகளின் உரிமைக்கே படம் எடுத்ததைவிட அதிகம் போயிற்றாம்.

மே 9, வெள்ளி

கூட்டம். லிஃப்ட் வேறு நின்றுவிட்டது. படமாவது ஒன்றாவது.

மே 10, சனி

டீக்கடையில் பேச்சு ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ பக்கம் போனது. 2012. கிரிக்கெட்டில் தலையில் அடிபட்டு நினைவு தப்பிய சங்கதி, ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு நிஜமாகவே நடந்தது. அந்தப் படத்துக்குக் கேமராவும் அவரே. கல்யாண மாப்பிள்ளை அதே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசுவான். முதலில் சிரிப்பு, கொஞ்ச நேரத்தில் எரிச்சல், அதற்கும் மேலே போனால் வயிறு வலிக்கச் சிரிப்பு. பெரிய படமாக இருந்தால் எரிச்சல் வரும் இடத்திலேயே பயந்து பாட்டைப் போட்டிருப்பார்கள்.

அதற்காகச் சின்னப் படமெல்லாம் நல்ல படம் என்று சொல்ல மாட்டேன். நாலு பேர் கூடி எடுத்து யூடியூபில் போடுவதில் பாதி, எடுத்தவர்களே சிரித்துக்கொள்ள வேண்டியது. வசனம் எழுத மட்டும் பணம் தேவையில்லை. அதையும் எழுதாமல் விட்டால் எப்படி?

இல்லாததை வைத்துச் சிரிக்க வேலூர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று சொல்லியே வளர்ந்தோம். சாமி இல்லாத கோயிலும் அந்தப் பட்டியலில் இருந்தது. 1981-ல் ஜலகண்டேஸ்வரரைச் சத்துவாச்சாரியிலிருந்து கொண்டுவந்து கோட்டைக் கோயிலில் வைத்த பிறகு அது மட்டும் செல்லாமல் போனது.

மே 13, செவ்வாய்

‘கிளெர்க்ஸ்’ முடிவு முதலில் வேறாம். திருட வந்தவன் கடைப்பையனைச் சுட்டுவிட்டுப் போவது போல எடுத்து, பிறகு வெட்டிவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று. அவனுக்குத் தண்டனை சாவு இல்லை, மறுநாளும் கடை திறப்பதுதான்.

பையன் இப்போது எங்கள் லாட்ஜில் ஒரு குறும்படம் எடுக்க நிற்கிறான். ரூம் பாய் இரண்டு பேர் ஒரு தலையணைக்காகச் சண்டை போடும் கதை. முதலாளி ஒப்புக்கொண்டார், ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு மேல், வராண்டாவில் மட்டும். பேஷன்ட் தூங்குகிறார்கள், சத்தமே கூடாது.

“இன்னா மாமா, சண்டையே கத்தறதுதானே?”

“குசுகுசுன்னு போடுங்கடா.”

ரெண்டு பேரும் வசனத்தை அப்படியே படித்துப் பார்த்தோம். கெட்ட வார்த்தையெல்லாம் காதோடு காதாக, இருமல் வந்தால் சண்டையை நிறுத்தி, யார் ரூம் என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஆரம்பிப்பது. கத்தியதைவிட இது எவ்வளவோ தேவலை. சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். முதலாளிக்கும் ஒரு வேஷம் வேண்டுமாம். தூங்குகிற பேஷன்ட் வேஷம் காலியாக இருக்கிறது.