ஷீட்டில் ஒரு புள்ளி

களியக்காவிளையில் ரப்பர் ஷீட் கொடுக்கப் போயிருந்தேன். கடைக்காரர் ஒவ்வொரு ஷீட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கரும்புள்ளி தெரிந்தாலும் தரத்தைக் குறைத்து விலையைப் பிடித்தார். கடவுளின் நீதியும் இப்படித்தான் என் புள்ளிகளை எண்ணிக் கழிக்கும் என்று பல வருஷம் பயந்திருக்கிறேன், ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போனதுகூட அந்தப் பயத்தில்தான். ஆனால் பைபிளில், ரோமருக்கு எழுதிய கடிதத்தில் (ரோமர் 3:24), அப்போஸ்தலர் பவுல் ‘இலவசமாய்’ என்கிறார்! நீதி அவர் நம்மிடம் கேட்கும் விலை இல்லை, கிறிஸ்துவை விசுவாசிக்கிறவனுக்கு அவரே கொடுப்பது. 16-ம் நூற்றாண்டில் சபையைச் சீர்திருத்திய மார்ட்டின் லூத்தர் ரோமர் 1:17-ஐ வைத்துத் தவித்துத் தவித்துக் கண்டுகொண்டதும் இதைத்தான். அப்போ நல்லது செய்யவே வேண்டாமா என்று தம்பி கேட்டான். செய்யணும்டா, நன்றியில் செய்யணும், கூலிக்கு இல்லை. அம்மச்சி கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்க கையில ஒண்ணும் இல்ல மக்கா, அவரு இருக்காரு” என்றார்.