இறுகிப்போன வெல்டிங் செட் கைப்பிடி

கோட்டையூரில் ஒரு பழைய வீடு. வளவுக்குள் குரங்கு இறங்காமலிருக்க முற்றத்துக்கு மேலே கம்பி வலை அடிக்கும் வேலை. மெல்லிய 12 நம்பர் வெல்டிங் ராடுக்கு ஆம்பியரைக் குறைக்கலாம் என்றால் செட்டின் கைப்பிடி அசையவே இல்லை. உடன் வந்த பையன் பைப்பைச் செருகித் திருகப் போனான். "டேய், விடுடா" என்றேன்.

இது பழைய ட்ரான்ஸ்பார்மர் செட். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே ஒரு நீள மரைத்தண்டு சுழன்று இரும்புக் கோரை நகர்த்தும். கோர் உள்ளே போகப்போகக் காந்தப்புலம் அதன் வழியே கசிந்து கரண்ட் குறையும். முரட்டுத்தனமாகத் திருகினால் தண்டு வளைந்துவிடும், அப்புறம் செட்டே போச்சு.

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினோம். நினைத்தது சரிதான். கிரைண்டர் தூளும் நம்ம ஊர்ச் செம்மண்ணும் பழைய கிரீஸோடு சேர்ந்து அரக்கு மாதிரி இறுகியிருந்தது. கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுரண்டி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தோம். அப்படியே ஊற்றக் கூடாது. காயிலில் வார்னிஷ் இருக்கிறது, கெட்டுவிடும். பிறகு கால் சுற்று அந்தப் பக்கம், கால் சுற்று இந்தப் பக்கம். அவசரப்பட்டால் காரியம் கெடும், டீ குடித்துவிட்டு வந்து மறுபடி ஆட்டினோம். முழுதாக ஓடியதும் சூடு தாங்கும் கிரீஸை மரையில் மட்டும் லேசாகத் தடவினேன். நிறையப் பூசுகிறவர்கள் தூசிக்குத்தான் சோறு போடுகிறார்கள்.

இப்போது ஒரு கையால் சுற்றலாம். 70 ஆம்பியரில் வைத்ததும் மெல்லிய கம்பி ஓட்டை விழாமல் ஒட்டியது. இன்வெர்ட்டர் வெல்டிங் செட் வாங்குங்கண்ணே என்கிறான் பையன். வாங்கலாம், இது ஓடும் வரை ஓடட்டும்.